மட்டக்களப்பில் வீடு எடுக்க வருபவர்களுக்கு: எந்த ஏரியா சேஃப்?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மட்டக்களப்பில் வந்து இருக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். லண்டனில் தபால் குறியீட்டை அடித்தால் அந்தப் பகுதியில் மாதாமாதம் எத்தனை களவு, எத்தனை அடிபிடி என்று வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். இங்கே அது கிடையாது. பாரிய குற்றங்களின் கணக்கைப் பொலிஸ் திணைக்களம் வருடாவருடம் வெளியிடுகிறது. அது பொலிஸ் பிரிவு வாரியான கணக்கு. கூழாவடியில் எடுப்பதா ஊறணியில் எடுப்பதா என்பதற்கு அதில் விடை தேடிப் பிரயோசனமில்லை.

ஆகவே ஆட்களைப் பார்த்துத்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பக்கம் வீடு வளவு பெண்பிள்ளைக்கு. மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்தால், இளையவளுக்குப் பக்கத்து வளவில் கட்டிக் கொடுப்பார்கள். அதனால் பழைய ஒழுங்கைகளில் அக்கா, தங்கை, பெரியம்மாவின் மகள் என்று தாய்வழிச் சொந்தம் அடுத்தடுத்து இருக்கும். முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்தால், "ஆரைத் தேடுறீங்க மனே?" என்று ஏதாவதொரு கடப்படியிலிருந்து குரல் வரும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கும், விடுப்புப் பார்க்கிறார்கள் என்பார்கள். விடுப்புத்தான். கள்ளனுக்கும் அது பெரிய தொல்லை. ஆளுயர மதில் கட்டி, பாதி வீடு பூட்டிக் கிடக்கும் புதுத் தெருவில் எத்தனை கமரா பூட்டினாலும் அப்படிக் கேட்க ஆள் இராது.

வாடகை பேச முன் அந்தத் தெருவுக்கு விளக்கு வைக்கிற நேரம் ஒரு தரமும், இரவு ஒன்பது மணிக்கு ஒரு தரமும் போங்கள். தெருவிளக்கு எரிகிறதா? ரியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் தாங்களாகச் சைக்கிளில் வருகிறார்களா, தகப்பன்மார் சந்தியில் காத்து நிற்கிறார்களா? சந்திக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தபடி பேச்சுக் கொடுங்கள். கசிப்பு விற்கிற வீடும், 'ஐஸ்' போதைப்பொருள் பாவிக்கிற பொடியன்மார் கூடுகிற வெறும் வளவும் கடைக்காரருக்குத் தெரியும். நேரே கேட்டால் சொல்ல மாட்டார். "அந்த ஒழுங்கையில எடுக்காதீங்க தம்பி" என்றால் ஏன் என்று துருவாமல் வேறு வீடு பாருங்கள். குடிவந்த கையோடு கிராம உத்தியோகத்தரையும் போய்க் காணுங்கள். வதிவிடச் சான்றுக்கு எப்படியும் அவரிடம்தான் போக வேண்டும்.

"காத்தான்குடிப் பக்கம் போகலாமா?" என்றும் தொலைபேசியில் கேட்கிறார்கள். சீலை துணி எடுக்க இங்கேயுள்ள சனமெல்லாம் போகிற பக்கத்து முஸ்லிம் ஊர் அது.

வெளிநாட்டுக்காரரின் வீட்டுக்கு உண்மையான ஆபத்து, அது பூட்டிக் கிடப்பதுதான். முற்றம் கூட்டாமல் சருகு சேர்ந்தால், ஆளில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பிறகு தண்ணீர் மோட்டர், காஸ் சிலிண்டர், குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். அதைவிட மோசம் வளவே கைமாறுவது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் காணியைத் தன்னுடையதாகவே பத்து வருடம் இடையூறில்லாமல் ஆண்டால் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், அது சொந்த மச்சானாக இருந்தாலும், உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். அனுமதியோடு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அதை மட்டும் காட்டிச் சொந்தம் கொண்டாட முடியாது என்பதால் அந்தத் துண்டுக்குப் பெறுமதி இருக்கிறது. யாராவது வேலியை உடைத்து உள்ளே வந்துவிட்டால் உடனே பொலிஸுக்குப் போங்கள். ஆரம்ப நீதிமன்றத்தில், அந்த நீதிமன்றத்தின் நடபடிமுறைச் சட்டத்திலுள்ள 66ஆம் பிரிவின் கீழ் வழக்கு வைத்தால், வழக்குப் பதிவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவருக்கு ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்த லீவில் வந்து பார்ப்போம் என்று விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். காணி வாங்குவதானால் விற்பவர் காட்டும் உறுதிப் பிரதியோடு நிற்காமல், உங்கள் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள்.

நகை விஷயத்தில் உள்ளூர்ச் சனமே இப்போது கவனம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்துக்கும், தேருக்குக் கொக்கட்டிச்சோலைக்கும் போகிறபோது தாலிக்கொடியை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் நெருக்குப்பட்டு நின்றால் அறுப்பது தெரியவே தெரியாது. விடியப்புறம் கோயிலுக்குத் தனியே நடக்கிற அம்மாமாருக்கும் சொல்லி வையுங்கள்: மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து வழி கேட்டால் கிட்டப் போக வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டினால் போதும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலோ அம்பாறையின் உட்பகுதியிலோ குடியிருக்கப் போகிறவர் கள்ளன் பயத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே பயம் யானைக்கு. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் பொழுதுபட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள். நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்காதீர்கள், மணத்துக்குச் சுவரையே உடைத்துக்கொண்டு வரும். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரையில் அந்தத் தொல்லை இல்லை, பதிலுக்குக் கட்டாக்காலி மாடு. கல்முனை வீதியில் இரவில் படுத்துக் கிடக்கும் கறுத்த மாடு வெளிச்சத்துக்குத் தெரிகிறபோது பிறேக் பிடிக்க இடமிராது. கள்ளனுக்குப் பயந்து கமரா பூட்டுகிறவர் ஹெல்மெட் போடாமல் கடைக்குப் போவதைத்தான் எனக்கு விளங்கிக்கொள்ள முடியவில்லை. இன்னொன்று: கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் எந்தப் படிவரை ஏறும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கடைசியாகப் பொலிஸ். கல்லடியில் இருப்பவர் முறைப்பாட்டுக்குப் போக வேண்டியது காத்தான்குடிப் பொலிஸுக்கு. பாலம் கடந்து டவுனுக்கு வந்தால் திருப்பித்தான் அனுப்புவார்கள். உங்கள் வீடு எந்த நிலையத்துக்குள் வருகிறது என்று முதலே விசாரித்து வையுங்கள். அவசரத்துக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. பெண்களுக்கு 1938, சிறுவர் விஷயம் என்றால் 1929. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பம் வைக்கச் சொன்னால், விளங்காமல் வைக்காதீர்கள். வெளிக்கிட முன் முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பிரதி எப்போது எடுக்கலாம் என்றும் கேட்டு வையுங்கள். கடவுச்சீட்டுத் தொலைந்திருந்தால் தூதரகத்தில் அந்தப் பிரதியைக் கேட்கக்கூடும்.