பழைய இழைப்புளியைத் தேய்க்கும் முன்

மரத்தை இழைத்து வழுவழுப்பாக்கும் கருவியான இழைப்புளியின் பழைய இரும்பு அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தும்போது பிளேடைக் கழற்றாதீர்கள். சற்று உள்ளே இழுத்து, வேலையின்போது இறுக்குவது போலவே இறுக்கி வையுங்கள். பிளேடு இறுகும்போது இரும்பு உடல் மயிரிழை அளவு வளையும். கழற்றிவிட்டுத் தேய்த்தால், திரும்ப மாட்டியதும் அந்தச் சமம் கெட்டுவிடும்.

தடித்த கண்ணாடியில் 80 கிரிட் (சொரசொரப்பு அளவு) உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியின் அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரியும். முன்முனை, வாய் (பிளேடு வெளியே நீளும் திறப்பு) ஓரம், பின்முனை மூன்றிலும் கோடு அழிந்தால் போதும். இடையில் பள்ளம் மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். வாய் ஓரம்தான் உயிர்: அது மரத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் நார் பிய்ந்து வரும்.

மர உடல் இழைப்புளிக்கு உப்புத்தாள் வேண்டாம். தாளின் துகள் அடியில் பதிந்து, இழைக்கும் பலகையைக் கீறும். மர இழைப்புளியின் அடியை இன்னொரு இழைப்புளியால் இழைப்பதே சரி. இரும்பில் விரிசல் இருந்தால் தேய்த்துப் பயனில்லை.