விலை படத்துக்கு இல்லை, பிள்ளைக்கு

பள்ளிப் பிள்ளைகளின் கிரிக்கெட், கால்பந்துப் போட்டிகளைப் படமெடுத்து, ஃபைல்களைப் பெற்றோருக்கு விற்கிறேன். ஒரு ஃபைல் 100 ரூபாய் என்று இருந்தபோது அணிப் படம்தான் விற்கும். அதுவும் ஒருவர் வாங்கியதும் வாட்ஸ்அப் குழுவில் எல்லார் கைக்கும் போய்விடும்.

இப்போது ஓர் ஆட்டத்தில் உங்கள் பிள்ளை இருக்கும் நல்ல படங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக 800 ரூபாய். நம் மகன் பந்து வீசும் படத்தை இன்னொரு வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? பகிர்வதைப் பற்றிய கவலையே போயிற்று. அணிப் படத்தைக் கூடவே இலவசமாகத் தருகிறேன். தனிப் படம் 300. அதைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் தொகுப்பையே வாங்கிவிடுகிறார்கள்.

8க்கு 12 அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட 3600க்கு 2400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் டிரைவ் லிங்க்தான்.

அப்புறம், பயிற்சி மையமே பணம் கொடுத்து அழைத்தால் கணக்கு வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை. அதனால் பெற்றோருக்கு விற்கும் உரிமை என்னிடம் இருக்கும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுகிறேன்.