ஜாதகத்தோடு போகும் போட்டோ: எடுக்கும்போதும் பார்க்கும்போதும்

ஈரோடு, கோபி, திருப்பூர்ப் பக்கம் வரன் பார்க்க ஆரம்பித்தால் ஜாதகமும் போட்டோவும் சேர்ந்தேதான் கை மாறும். "பையன் மொகத்துல ஒரு கடுகடுப்பு இருக்குதுங்க" என்று போட்டோவோடு நின்றுபோன வரன்கள் ஏராளம். அந்தக் கடுகடுப்பு பெரும்பாலும் உச்சிவெயில் செய்த வேலை. வெயில் கண்ணில் அடித்தால் கண் சுருங்கும், புருவம் கீழே இறங்கும். இறங்கின புருவத்தைக் கோபம் என்றுதான் எவரும் படிப்பார்கள்.

முதலில் தூரம். செல்ஃபியை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு அடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடியில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டிருக்கிறார்கள். மூக்கு மட்டுமா? அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் 2012இல் ஒரே ஆட்களை 45 சென்டிமீட்டரிலும் 135 சென்டிமீட்டரிலும் எடுத்துக் காட்டினார்கள். கிட்டத்தில் எடுத்த படங்களுக்கு அழகிலும் குறைந்த மதிப்பெண், நம்பகத்திலும் குறைந்த மதிப்பெண். ஆகவே வேறொருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, போனை எடுக்கப்படுபவரின் கண் மட்டத்தில் பிடித்து எடுக்கட்டும். முகம் சிறிதாக விழுந்தால் பின்னால் வெட்டிக்கொள்ளலாம். கிட்டப் போக வேண்டாம். போனைத் தாழ்த்தினால் தாடை முன்னால் வந்து திமிராகத் தெரியும்.

அடுத்து வெளிச்சம். நடுவில் திறந்த வாசல் உள்ள தொட்டிக்கட்டு வீடு என்றால், வாசலைச் சுற்றியுள்ள ஆசாரத்தின் (கூரை போட்ட தாழ்வாரத்தின்) ஓரத்தில், நடுவாசலைப் பார்த்து நிற்க வையுங்கள். மாடி வீடு என்றால் போர்ட்டிகோ நிழலில் இரண்டடி உள்ளே. காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின் நல்லது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு கண்மணியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கண் குழிந்து, ஆள் களைத்தவர்போல் இருப்பார். வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் போன் சுவருக்கு வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். பச்சைச் சுவர் வேண்டாம், கன்னத்தில் பச்சை ஏறும். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். விரல் எண்ணெய் பட்ட லென்ஸ் எல்லாரையும் மங்கலாக்கும்.

சிரிப்பில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "சிரி, சிரி" என்று அதட்டினால் வாய் மட்டும் விரியும். கண்ணைச் சுற்றியுள்ள தசை அசையாது, பார்க்கிறவருக்கு அது ஒட்டாது. பக்கத்தில் சின்னம்மாவோ தம்பியோ நின்று பேச்சுக் கொடுக்கட்டும். சிரிப்பு வந்து அடங்கும்போது எடுத்த படம்தான் தேறும். இருபது முப்பது எடுத்தால் இரண்டு கிடைக்கும். சிரிப்பே வராத ஆளா, விடுங்கள்: உதட்டோரம் லேசாக மேலே, புருவம் தளர்வாக இருந்தால் போதும்.

பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். நிறத்தை ஏற்றி அனுப்பினால் பொண்ணு பார்க்க வருகிற அன்று நேரில் வேறு முகம் இருக்கும். அப்புறம் சம்பளத்தைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் படம் உடையாது.

இனி, வந்த போட்டோவைப் பார்க்கிற பக்கம். இங்கேதான் இன்னும் பெரிய தப்பு நடக்கிறது. ஒரு முகத்தை நம்பலாமா என்பதை மனசு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வந்த ஆய்வு இது. கூடுதல் நேரம் கொடுத்தாலும் முடிவு அவ்வளவாக மாறவில்லை, முடிவின் மேல் பிடிவாதம்தான் கூடியது. வீட்டில் ஐந்து பேரும் "மொகத்துல களையில்லைங்க" என்று ஒரே வார்த்தை சொன்னாலும் அது ஐந்து சாட்சி ஆகாது. ஐந்து பேரும் பார்த்தது அதே ஒரு படம்தான். ஊரை ஏமாற்றிய சீட்டுக்காரரின் சாயல் இருந்தால்கூட, காரணம் தெரியாமலே ஆளைப் பிடிக்காமல் போகும். மறுபக்கமும் உண்டு: அழகான முகத்துக்குக் குணமும் படிப்பும் நாமே சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். போட்டோவைத் திறக்காமல் முதலில் வயது, படிப்பு, வேலை, கடன், குடியிருக்கும் இடம் எல்லாவற்றையும் படித்து, மேலே போகலாமா வேண்டாமா என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு படத்தைப் பாருங்கள். எழுதினதை மாற்றத் தோன்றினால், படத்தில் எதைப் பார்த்து மாற்றுகிறீர்கள் என்று அதே தாளில் குறியுங்கள். "பார்வை சரியில்லை" என்று மட்டும் எழுத முடிந்தால், வேறு வேறு நாளில், வேறு ஆட்கள் எடுத்த மூன்று நாலு படம் கேளுங்கள். ஒரே ஆளின் படங்களே ஒன்றுக்கொன்று அவ்வளவு மாறும். குடி, கடன், வாய்ச்சண்டை எதுவும் படத்தில் விழாது. அதற்கு அந்த ஊருக்குப் போய், பால் ஊற்றுகிறவரிடமும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் விசாரிக்கத்தான் வேண்டும்.