பாட்டனி பே கூன்வண்டைத் தேடும் வழி: முதலில் மரம், அப்புறம் வண்டு

கருப்பு உடம்பில் பச்சையும் நீலமுமாக மின்னும் பாட்டனி பே கூன்வண்டு (அறிவியல் பெயரில் கிரைசோலோபஸ்), தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. 1770-இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் இதைச் சேகரித்தார். 1775-இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் அறிவியல் பெயர் வைத்தார். அந்தக் கண்டத்திலிருந்து முதன்முதலில் பதிவான பூச்சிகளில் இதுவும் ஒன்று.

1. மரத்தைக் கண்டுபிடியுங்கள்

வண்டைத் தேடி அலைந்தால் பொழுதுதான் போகும். இது அகேசியா மரங்களை, அதாவது அங்கே வாட்டில் என்று சொல்பவற்றை, நம்பி வாழும் பூச்சி. புதிதாகத் தேடுபவர்கள் வாட்டிலின் மஞ்சள் பூவைத்தான் அடையாளமாக நினைப்பார்கள். பெரும்பாலான வாட்டில்கள் பூப்பது குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்; வண்டு அதிகம் தென்படுவதோ அங்கத்திய கோடையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது பூ இருக்காது.

அதனால் காயைப் பாருங்கள். அவரைக்காய் போல விதை புடைத்த நெற்று தொங்கினால் வாட்டிலாக இருக்க வாய்ப்பு அதிகம். இலையில் இரண்டு விதம் உண்டு: இறகு போலப் பிரிந்தது, நீளமாகத் தட்டையாக இருப்பது. தட்டையானது உண்மையில் இலையே இல்லை, அகன்று போன இலைக்காம்பு. யூக்கலிப்டஸோ என்று சந்தேகம் வந்தால் கசக்கி முகருங்கள். தைல வாசனை அடித்தால் அது வாட்டில் இல்லை.

2. கடித்த தடம்

இளம் மரங்களிலிருந்து தொடங்குங்கள். கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கிளை இருக்கும். ஓரம் கடிபட்ட இலைகளும் தோல் சுரண்டப்பட்ட இளங்குச்சிகளும் உள்ள இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஆண் பெண்ணின் முதுகில் ஏறியபடி ஜோடியாகவும் இருக்கும்.

3. கிளையை ஆட்டாதீர்கள்

ஆபத்து என்று தோன்றினால் கிளையை விட்டுக் கீழே விழுந்து செத்தது போல நடிக்கும். சருகுக்குள் போனால் தேடுவது கஷ்டம். கிளைக்கு அடியில் ஒரு குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தால் அதில் விழும்.

4. அதுதானா?

நீளம் 2 சென்டிமீட்டர் அளவு. மூக்கு கீழ்நோக்கி வளைந்திருக்கும், உணர்கொம்பு அதன் பக்கத்திலிருந்து முழங்கை மாதிரி மடிந்து நிற்கும். இறக்கை மூடியில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். மின்னும் செதில்கள் அவற்றில் படிந்திருக்கும். நிறம் சாயத்தால் வருவதில்லை, செதிலின் நுண் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது. செதில் உதிர்ந்த இடம் வெறும் கருப்பு. அதனால் வயசான வண்டு மங்கித் தெரிந்தால் வேறு இனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே மரத்தில் சாம்பலும் பழுப்புமாகக் கரடுமுரடான ஒன்று இருந்தால், அது 'வாட்டில் பிக்' எனப்படும் லெப்டோபியஸ். அழகில்லை என்றாலும் அதையும் படமெடுக்கலாம்.

5. படம், பதிவு

நேரடி ஃபிளாஷ் வேண்டாம், செதில்கள் வெள்ளையாகப் பளிச்சிட்டுவிடும். மேகமூட்ட வெளிச்சமே சரி. தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் பூச்சியை எடுத்துப்போகக் கூடாது.

பெண் அடிமரத்தில் துளையிட்டு முட்டை வைக்கும், புழு வேரைத் தின்று வளரும். ஆகவே அடிமரத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது வண்டோடு இலை, நெற்று படங்களையும் சேருங்கள். எந்த வாட்டில் என்பதை மற்றவர்கள் சொல்ல அதுதான் உதவும்.