பாங்காக்கில் முதல் மீட்டிங்: புதிதாகப் போகிறவர்களுக்கு

தாய்லாந்தில் தொழில் பேசப் போகிறீர்களா? அங்கே யாரும் உங்கள் முகத்துக்கு நேரே "முடியாது" என்று எளிதில் சொல்ல மாட்டார்கள். மற்றதெல்லாம் போகப்போகப் பழகிவிடும், இது பிடிபடத்தான் நாளாகும். அதனால் மூன்றாவது படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

1. பெயர்

ஆணோ பெண்ணோ, முதல் பெயருக்கு முன்னால் "குன்" சேர்த்துக் கூப்பிடுங்கள்: குன் சோம்சாய். குடும்பப் பெயரே 1913-இல் ஆறாம் ராமா மன்னர் சட்டம் போட்ட பிறகு வந்ததுதான், அதை வைத்து யாரும் அழைப்பதில்லை. கொஞ்சம் பழகியதும் செல்லப்பெயர் வரும். கோல்ஃப், பேங்க், பீர் என்றெல்லாம் இருக்கும். அண்ணன், அக்கா இருவருக்குமே "பீ" தான். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று எனக்கும் தெரியும், சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள்.

2. வணக்கம்

வயதிலோ பதவியிலோ சின்னவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். ஓட்டல் ஊழியர் கும்பிட்டால் புன்னகையும் தலையசைப்பும் போதும். விசிட்டிங் கார்டை வாங்கியதும் சட்டைப் பையில் திணிக்காமல் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

3. பேச்சு

"பத்தாம் தேதிக்குள் 5,000 பெட்டி அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறீர்கள். எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே, நம் ஊர் "சரிங்க" மாதிரி, "க்ரப், க்ரப்" என்கிறார். ஆர்டர் உறுதி என்று ஊருக்குப் போன் போட்டுவிடாதீர்கள்! நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். கேள்வியை மாற்றுங்கள்: "இந்த மாதம் எத்தனை பெட்டி வசதிப்படும்?" இப்போது ஒரு எண் வரும். "கொஞ்சம் சிரமம்", "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுத்தால், லைன் என்ற மெசேஜ் ஆப்பில் போட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராமல் மற்றதற்கெல்லாம் ஸ்டிக்கர் வந்தால், பெரும்பாலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதலாளி உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் கீழே வேலை செய்பவரிடம் "இது ஏன் தாமதம்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் அவர் தலை குனிந்தால் அத்தோடு உங்களுக்கு அங்கே உதவ ஆள் இல்லை, முதலாளிக்கும் அது சங்கடம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கேளுங்கள், உண்மை வரும். குரலை உயர்த்தினால் எதிர்த்துக் கத்த மாட்டார்கள், ஆனால் காரியம் கெட்டது.

4. எழுத்து

அன்றாடப் பேச்சு வாட்ஸ்அப்பில் அல்ல, லைனில்தான் ஓடும். பேசி முடித்ததை அன்றைக்கே சுருக்கமாக அதில் போட்டுவிடுங்கள். தாய்லாந்து மொழி ஒப்பந்தத்தில் 2569 என்று இருந்தால் பதற வேண்டாம், புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2026. பங்கு போட்டுத் தொழில் தொடங்குவதானால் தாய்லாந்து வக்கீல் ஒருவரைப் பாருங்கள்: 1999-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டப்படி, பல சேவைத் தொழில்களில் தனி அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் பங்கு பாதியைத் தொடக்கூடாது.

5. மற்றவை

அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூடப் பேச வேண்டாம், குற்றவியல் சட்டம் 112-ஆவது பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. சாப்பாட்டு பில்லைப் பெரும்பாலும் பெரியவரோ அழைத்தவரோ கொடுப்பார், பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். அப்புறம், ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறை. அந்த வாரத்தில் டெலிவரி தேதி வைத்தால் எல்லோரும் "க்ரப்" என்பார்கள், சரக்கு வராது.