மாதாந்திர நன்கொடை: நாங்கள் சறுக்கியது தேதியில்தான்

மதுரைப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு பார்க்கிறேன், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்துகிறோம். மாதம் 200, 500 என்று தருபவர்களைச் சேர்த்த கதை இது. 80ஜி பதிவும் (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்வது) வங்கிக் கணக்கும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில் யூபிஐ ஆட்டோபே வசதி வாங்குங்கள், மாதாமாதம் பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். கார்டு வேண்டாம் என்பேன், காலாவதியானால் மறுபடி கெஞ்ச வேண்டும். யூபிஐயில் ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதும், 15,000 ரூபாய் வரை மாதாமாதம் பின் நம்பர் கேட்காது.

2. பெயர், முகவரி, வாட்ஸ்அப் எண், பான் எண் நான்கையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

3. தேதி. எங்கள் வசதிக்காக எல்லோருக்கும் 28 என்று வைத்தோம். மாதக் கடைசியில் யார் கணக்கில் பணம் இருக்கும்? பாதிப் பேருக்குப் போகவில்லை. அவர்களாக நிறுத்திவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம், பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள், மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போன் செய்து, "பிள்ளைங்க எப்படிப் படிக்கிறாங்க தம்பி, என் காசு வருதுல்ல?" என்று கேட்டபோதுதான் பட்டியலைத் திறந்தே பார்த்தேன். இப்போது சம்பளமோ பென்ஷனோ என்றைக்கு வரும் என்று கேட்டு, அதற்கு இரண்டு நாள் தள்ளி வைக்கிறோம். போகாதவற்றின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்து நானே கூப்பிடுகிறேன். "பணம் வரலை" என்று ஆரம்பித்தால் கடன் வசூல் மாதிரி இருக்கும், "ஆட்டோபே இந்த மாசம் போகலைங்க, தேதியை மாத்தி வைக்கட்டுமா?" என்றால் சங்கடமில்லை.

இன்னொன்று, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போகும். அதில் அறக்கட்டளையின் பதிவுப் பெயர் வரும், ஊருக்குத் தெரிந்த பெயர் வராது. ஏதோ மோசடி என்று பயந்து இரண்டு பேர் ரத்தே செய்துவிட்டார்கள். சேரும்போதே அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

4. மாதம் ஒரு வாட்ஸ்அப் செய்தி, தனித்தனியாக. குரூப் வைத்தால் காலை வணக்கம் படங்கள்தான் மிஞ்சும். பணம் எடுக்கும் நாளில் அனுப்பாதீர்கள், சேதி எதுவானாலும் அன்றைக்குக் கேட்பது போலவே தோன்றும். "வாய்ப்பாடு தெரியாமல் வந்த பையன் இப்போது வகுத்தல் போடுகிறான்", அவ்வளவு போதும். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் முகத்தைப் போடக் கூடாது. இதற்கெல்லாம் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்காதீர்கள், நூறு பேர் வரை கூகுள் ஷீட்டே தாங்கும்.

பின்சேர்க்கை: கமெண்டில் சிலர், ரசீது கொடுத்தும் வரிவிலக்கு கிடைக்கவில்லை என்றார்கள். ரசீது மட்டும் போதாது. 2024-25 கணக்கு என்றால், யார் எவ்வளவு தந்தார் என்பதை 2025 மே 31க்குள் வருமான வரித்துறையிடம் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழைத்தான் தந்திருக்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். பான் எண்ணை முதலிலேயே வாங்கச் சொன்னது இதற்குத்தான். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது, வரி மிச்சமாகும் என்று சொல்லி அவர்களைச் சேர்க்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்திய பாஸ்போர்ட் என்றால் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரலாம், பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.