கசடு வயதைக் கொண்டு பாக்டீரியாக் கூட்டத்தை நெறிப்படுத்துவது எப்படி?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டிக்குத் தேவையான பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கழிவுநீரோடே வந்துவிடுகின்றன. அவற்றுள் எவை நிலைக்கும் என்பதை நாம் அன்றாடம் வெளியேற்றும் கசடின் (பாக்டீரியாத் திரள்கள் நிறைந்த சேற்றின்) அளவே பெரிதும் தீர்மானிக்கிறது. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற ஆய்வாளர்கள் படிந்த கசடைக் கொட்டிவிடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியபோது, வாரக்கணக்கில் நடந்த சுத்திகரிப்பு ஒரு நாளுக்குள் அடங்கியது.

படி 1: கசடு வயதை, அதாவது கசடு தொட்டியில் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பதைக் கணக்கிடுங்கள். 100 கனமீட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் திடப்பொருள் இருந்தால், மொத்தம் 300 கிலோ. நாளொன்றுக்கு 30 கிலோ வெளியேற்றினால் கசடு வயது 10 நாள். கிளாரிஃபையரின் (காற்றூட்டத்துக்குப் பின் கசடைப் படியவிடும் தொட்டியின்) அடிக்கசடு லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் எனில், அந்த 30 கிலோவுக்கு 3.75 கனமீட்டர் எடுக்க வேண்டும்.

படி 2: வயதைத் தேர்ந்தெடுங்கள். கரிமப் பொருளை உண்ணும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பதால் இரண்டு மூன்று நாள் வயதிலும் தாக்குப்பிடிக்கும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்றவையோ மெதுவாகவே பெருகுவதால், பெருகும் வேகத்தைக் கசடை வெளியேற்றும் வேகம் மிஞ்சியவுடன் தொட்டியிலிருந்து அடித்துச் செல்லப்படுகின்றன. 20 டிகிரி செல்சியஸில் 8 முதல் 10 நாள் வைப்பது பாதுகாப்பானது; குளிர் மிகுந்தால் இன்னும் கூட்ட வேண்டும். வெப்ப நாடுகளில் சிக்கல் நேர்மாறானது: நீர் 30 டிகிரியை நெருங்கும்போது, நாம் விரும்பாவிட்டாலும் குறைந்த வயதிலேயே இந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் குடியேறிவிடும், அப்போது உருவாகும் நைட்ரேட் கிளாரிஃபையரின் அடியில் நைட்ரஜன் வாயுவாக மாறிக் கசடை மேலே தூக்கும். இதைப் படியாத கசடு என்று தவறாகக் கருதுவோர் பலர்.

படி 3: கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வையுங்கள். அது குறைந்தால், கசடுத் திரளுக்கு வெளியே நீண்டு ஆக்சிஜனை எட்டிப்பிடிக்கும் இழைப் பாக்டீரியாக்கள் மேலோங்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜனும் 7.14 கிராம் காரத்தன்மையும் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும் என்பதால், பிஎச் அளவையும் கவனியுங்கள்.

படி 4: ஒரு லிட்டர் உருளையில் கசடை 30 நிமிடம் படியவிடுங்கள். அது 300 மில்லிலிட்டரில் நின்றால், 3,000 மில்லிகிராம் செறிவுக்குப் படிவுக் குறியீடு (ஒரு கிராம் கசடு படிந்தபின் அடைக்கும் மில்லிலிட்டர்) 100. இது நல்ல நிலை. 150ஐத் தாண்டினால் நுண்ணோக்கியில் இழைகளைத் தேடுங்கள்.

படி 5: வெளியேற்றும் அளவை ஒரு நாளில் 10 விழுக்காட்டுக்கு மேல் மாற்றாதீர்கள். புதிய கூட்டம் நிலைபெற இரண்டு மூன்று கசடு வயதுக் காலம் பிடிக்கும். 10 நாள் வயதில் இயங்கும் தொட்டியில் இன்று செய்த மாற்றத்தை ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே மதிப்பிட முடியும்.